சீட்டுக்கடியில் ஒரு சுவிட்ச்

கம்பெனியில போட்ட ஜாயின்ட் இது இல்லவே இல்ல, எந்தக் கார்க் கம்பெனிக்காரனாச்சும் சாவியிலிருந்து காயிலுக்குப் போற வயரை நடுவுல வெட்டி முறுக்கி டேப்பு சுத்தி வைப்பானா, வைக்கவே மாட்டான், டிப்ளமோ படிச்ச எனக்கு இதுகூடத் தெரியாதா. சித்தெ பொறு வசந்தாமணி, அவசரப்படாதே. டார்ச்சை இந்தப்பக்கம் திருப்பு. டேஷ்போர்டுக்கு அடியில மல்லாக்கப் படுத்து, காலு ரெண்டும் கதவுக்கு வெளிய நீட்டிக்கிட்டு, அம்பத்தெட்டு வயசுல இது எனக்குத் தேவையா, கழுத்து போச்சு, கண்ணுல துரு விழுந்து கரிக்குது. தேவைதான். யாரும் தலையில கட்டல, நானா கேட்டு வாங்குன வேலை. மாமனார் வாங்குன ஹெரால்டு வண்டி, இருபது வருசமா ஷெட்டுல கெடந்து எலி குடும்பம் நடத்துன வண்டி, இதை எழுப்பி ஓட வைக்கோணும்னு எங்கூட்டுக்காரருக்கு யாவாரத்தை விட்ட பின்னாடி ஒரு ஆசை. இன்ஜினுக்கும் பாடிக்கும் பெயின்டுக்குமே கையில இருந்ததெல்லாம் கரைஞ்சுபோச்சு, அப்புறம் வயரிங்குக்கு எலெக்ட்ரீஷியன் ஒரு தொகை சொன்னான் பாரு, எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நானே பண்றேனுங்கன்னேன். உக்கடத்துப் பழைய சாமான் கடையில மில்லுல மிச்சமான வயர் ஒரு சுருள் எடைக்குக் கெடைச்சுது, நல்ல செம்பு, ஆனா அத்தனையும் சாம்பல் நிறம். ஒரே நிறத்துல முழு வண்டிக்கும் வயர் இழுத்தா எது எங்க போகுதுன்னு எமனுக்கும் தெரியாது. மக நிவேதா ஹோசூருக்கு வேலைக்குப் போறப்ப விட்டுட்டுப் போன நகப்பாலீஷ் ஒரு டப்பா நெறைய இருந்துச்சு, ஹெட்லைட்டுக்கு ரோஸு, ஹார்னுக்கு மஞ்சள், பிரேக் லைட்டுக்கு ரத்தச் செவப்பு, நுனி நுனியா அடையாளம் வச்சேன். போன்ல சொன்னா விழுந்து விழுந்து சிரிக்கறா, அம்மா உன்ற காருக்கு மெனிக்யூர் பண்ணி விட்டிருக்கேங்கறா. நானும் சிரிச்சேன். அதெல்லாம் முந்தாநேத்து. இன்னைக்குக் காலையில பழைய வயரை ஒண்ணொண்ணா உருவிட்டு வந்தேன், பிளக்குக்குக் கரன்ட் ஏத்தற காயிலுக்குப் போற வெள்ளை வயரு நேரா முன்னாடி போகாம, நடுவுல அறுந்து, டேப்பு சுத்துன வேற வயரோட சேந்து கீழ எறங்குது. மிதியடிக்கு அடியில போகுது. டிரைவர் சீட்டுக்கு அடியில போகுது. கையை விட்டுத் தடவுனா, ஹேண்ட் பிரேக் மேட்டுக்குப் பக்கத்துல, சீட்டு மறைக்கிற எடத்துல, சின்னதா ஒரு சுவிட்ச் ரெண்டு திருகாணி போட்டு உக்காந்திருக்குது.

சுவிட்ச்சுன்னா, ரேடியோக்காரங்க வைப்பாங்களே, குண்டூசித்தலை மாதிரி மேல கீழ போற குட்டிக் குமிழ், அந்த மாதிரி. அதைக் கீழ தள்ளிவிட்டா என்ன ஆகும்னு யோசிக்கவே வேண்டாம், சாவியைத் திருப்புனா செல்ஃப் நல்லா அடிக்கும், கர் கர்ருன்னு இன்ஜின் சுத்தும், ஆனா பிளக்குக்குக் கரன்ட் போகாது, விடிய விடிய அடிச்சாலும் வண்டி பிடிக்காது. பாக்கறவனுக்கு வண்டி மேலதான் சந்தேகம் வரும். பெட்ரோல் ஏறலையா, பிளக்குல தண்ணியா, கார்ப்பரேட்டர்ல அடைப்பான்னு ஊரே கூடிப் பேசும். யாரு வச்சது. மாமனார் வச்சிருப்பாரு. அந்தக் காலத்து மனுசன், திருடனுக்குப் பயந்து வச்சிருப்பாரு. அப்படித்தான் முதல்ல நெனச்சேன், நெனச்சுட்டு டேப்பைப் பிரிச்சேன், டேப்பு பிசுபிசுன்னு கையோட வந்துச்சு, உள்ள மஞ்சளும் கறுப்புமா முறுக்குன வயரு. இந்த வயரு எனக்குத் தெரியும். பாலிடெக்னிக்ல பிராக்டிகலுக்கு வாங்குனது, மிச்சத்தைத் தூக்கிப்போட மனசில்லாம கல்யாணத்துக்கு ட்ரங்குப் பெட்டியில வச்சு எடுத்துட்டு வந்தது, மாமியார் பாத்துட்டு மருமக சீரோட கரன்ட் கம்பியுமல்ல கொண்டாந்திருக்கறான்னு சொல்லிச் சிரிச்ச வயரு. அந்த ஜாயின்ட்டையும் எனக்குத் தெரியும். ஈயம் பத்தவைக்காம ரெண்டு கம்பியைக் குறுக்கப் போட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஆறு சுத்து நெருக்கமா சுத்தி, நுனியைக் கொறட்டுல அமுக்கிவிடற ஜாயின்ட். நான் போட்டா வலதுபக்கமா சுத்தும். இது இடதுபக்கமா சுத்தியிருக்குது. எங்கூட்டுக்காரரு குழந்தைவேலு எடதுகைக்காரரு. கட்டில்ல எம்பக்கத்துல உக்காந்துட்டு, அம்மிணி, வயரை எப்படிச் சேக்கறது, எனக்கும் சொல்லிக் குடேன்னாரு. கல்யாணம் ஆகி அஞ்சாவது மாசம். நூல் கமிஷன் யாவாரம் பண்றவருக்கு வயரு எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்லியே. பூரிச்சுப் போயிட்டேன். அவரு வெரலைப் புடிச்சுச் சுத்த வச்சேன், தப்பாச் சுத்தறீங்கன்னேன், எடதுகைக்கு இப்படித்தான் வருமாட்டிருக்குன்னு நானே சமாதானமும் சொன்னேன். அவரு ஒரு விசயம் எங்கிட்டக் கத்துக்கிட்டாருன்னா இத்தனை வருசத்துல அது ஒண்ணுதான். அதை நெனச்சு நெனச்சு எத்தனை நாளு சந்தோசப்பட்டிருக்கேன், கெரகம்.

அஞ்சாவது மாசம்னா ஆனி. இன்டர்வியூ ஆனி கடைசி. சேலத்துல, காலையில பத்து மணிக்கு, பொம்பளைப் புள்ளைகளுக்கான அரசாங்கத் தொழிற்பயிற்சி நெலையத்துல எலெக்ட்ரிகல் சொல்லிக்குடுக்கற வேலை. கார்டு வந்தப்ப தெரு முழுக்க அவருதான் காட்டுனாரு, என்ற சம்சாரம் டிப்ளமோ, கவருமென்டுல கூப்புட்டிருக்கான்னு. எங்கப்பா வந்து முதல் பஸ்சுல கூட்டிட்டுப் போறேன்னாரு. இவருதான் விடல. எதுக்குங்க மாமா உங்களுக்குச் சிரமம், பஸ்சுல போயி சேலை கசங்கிப் போயி நிக்கறதா, நானே கார்ல கொண்டுபோயி எறக்கி விடறேன். அப்பா மூஞ்சியில என்ன ஒரு நிம்மதி. நாலரைக்குக் குளிச்சு, மெரூன் சேலை கட்டி, சர்ட்டிபிகேட்டெல்லாம் ஃபைல்ல போட்டு, அஞ்சு மணிக்கு முன்சீட்டுல உக்காந்தேன். செல்ஃப் அடிச்சாரு. கர் கர் கர். அடடா, ஏனின்னிக்கு இப்படிப் பண்ணுதுன்னு எறங்குனாரு. பானெட்டைத் தூக்குனாரு. பிளக்கைக் கழட்டித் துடைச்சாரு, ஊதுனாரு, திருப்பி மாட்டுனாரு. பால்காரரும் எதுத்த ஊட்டு அண்ணனும் சேந்து முக்கு வரைக்கும் தள்ளுனாங்க. நானும் எறங்கித் தள்ளுனேன், அந்த மெரூன் சேலையோட, அட ஆண்டவா, நானும் தள்ளுனேன். அஞ்சரைக்கு நான் பஸ்சுக்கே போயிரட்டுங்களான்னு கேட்டேன். ரெண்டே நிமிசம் அம்மிணி, இதா பிடிச்சுரும். ஆறு மணிக்குக் கேட்டேன். இதா, இதா. ஆறரைக்குக் கேட்டேன், அவரு நெத்தியில வேர்த்து ஊத்துது, கையெல்லாம் கிரீஸு, பாக்கவே பாவமா இருந்துச்சு, இப்படிப் பாடுபடற மனுசனை விட்டுட்டுப் பஸ்சுக்குப் போனா நல்லா இருக்குமான்னு தோணுச்சு. ஏழேகாலுக்குக் கேக்கவே இல்ல. அதுக்கு மேல எந்த பஸ்சும் பத்து மணிக்குச் சேலத்துல கொண்டுபோயி விடாதுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். அவரு பானெட்டு மேல ஓங்கி ஒரு குத்து விட்டாரு. நான் என்ன பண்ணுனேன், அவரைப் போயிச் சமாதானப்படுத்துனேன். விடுங்க, உங்க மேல என்னங்க தப்பு, நம்ம நேரமுங்கன்னேன். நம்ம நேரமாம். அப்புறம் பதினொரு மணிக்கு, ஒருக்காப் பாக்கலாம்னு சொல்லி வண்டியில உக்காந்தாரு, நான் வாசப்படியில உக்காந்திருந்தேன். சீட்டு கொஞ்சம் பின்னால போயிருக்குதுன்னாரு, குனிஞ்சாரு, நிமுந்தாரு, சாவியைத் திருப்புனாரு, வண்டி ஒரே அடியில பிடிச்சுக்குச்சு. பாத்தியா அம்மிணி, வெயிலேறுனதும் பிளக்குல இருந்த தண்ணி காஞ்சிருச்சுன்னாரு. அதே வண்டியில ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி நெய் ரோஸ்ட்டு வாங்கிக் குடுத்தாரு. பாதியைத் தட்டுலயே வச்சுட்டேன். அவரு கர்ச்சீப்புல என்ற கண்ணைத் துடைச்சு விட்டாரு.

இரு, இரு. சுவிட்ச் வச்சாருங்கறது நெசம். அன்னைக்கு அதைத் தட்டிவிட்டாருன்னு எப்படிச் சொல்லுவே. பாத்தியா நீ. தெருவுல அந்த வருசம் ரெண்டு ஸ்கூட்டர் களவு போச்சே, அந்தப் பயத்துல வச்சிருக்கலாம். வச்சது மறந்தே போயிருக்கலாம், ராத்திரி ஆஃப் பண்ணிட்டுக் காலையில நெனப்பில்லாமப் போயிருக்கலாம். நெனப்பில்லாதவருக்குப் பதினொரு மணிக்கு எப்படி நெனப்பு வந்துச்சு. வந்துருக்கும், வந்த பின்னாடி சொல்ல வெக்கப்பட்டிருப்பாரு. அய்யோ ஒரு சுவிட்ச்சை மறந்து உன்ற வேலையைக் கெடுத்துட்டேனேன்னு எப்படிச் சொல்லுவாரு, பாவம். பாரு, இப்பவும் பாவம்னுதான் வாயில வருது, இந்த வாயை என்ன பண்றது. சரி, அப்படியே இருக்கட்டும், அப்படியே இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும். மறதிக்காரரோட முப்பத்தஞ்சு வருசம் குடித்தனம் பண்ணுனேன்னா அதுல என்ன கொறைச்சல், சிரிச்சுட்டுப் போயிரலாம், நிவேதாகிட்டச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கலாம். ஆனா மறதி இல்லைன்னா. எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். வேலை போனது போகட்டும், அது எந்தக் காலத்துக் கதை, அங்க வேலைக்குப் போயிருந்தா இந்நேரம் ரிட்டையர்டு ஆகற நாளை எண்ணிட்டு இருப்பேன். இவரு யாருன்னு எனக்குத் தெரியோணும், அவ்வளவுதான். செருப்புச் சத்தம் கேக்குது. மோரு கொண்டாறாரு. முட்டி ஆபரேசன் பண்ணதுலயிருந்து ஒவ்வொரு அடியும் யோசிச்சு யோசிச்சுதான் வைப்பாரு. என்ன அம்மிணி, முடிஞ்சுதா, இந்த வெக்கையில எதுக்கு இப்படிப் பொழுதன்னிக்கும் உள்ளயே கெடக்கறே, எலெக்ட்ரீஷியனையே கூப்புட்டுக்கலாம்னு அன்னைக்கே சொன்னேனில்ல. ஆமா, சொன்னாரு. முருங்கைக்காய்க்குப் பேரம் பேசறவரு, பழைய பேப்பரைத் தானே எடை போட்டுக் குடுக்கறவரு, அன்னைக்கு மட்டும் காசு போனாப் போகுதுன்னாரு, எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, என்ற கழுத்து வலிக்குமேன்னு சொல்றாருன்னு நெனச்சேன். முன்னாடி லைட்டு வேலையோட நிறுத்திக்க, சீட்டுப்பக்கமெல்லாம் கை விடாதே, பூச்சி பொட்டு கெடக்கும்னு அப்புறம் ரெண்டு தடவை சொன்னாரு. அதுவும் அக்கறைன்னு நெனச்சேன். தலையை வெளிய எடுக்காமயே கேட்டேன், ஏனுங்க, வண்டி களவு போகாம இருக்கறதுக்கு மறைவா எங்காச்சும் சுவிட்ச் கிவிட்ச் வச்சிருக்கீங்களா, இருந்தாச் சொல்லிருங்க, புதுசா வயர் போடறப்ப அதையும் சேத்திப் போட்டுர்றேன். டம்ளரைத் தரையில வைக்கற சத்தம். சுவிட்ச்சா, எங்கப்பா காலத்து வண்டியில சுவிட்ச்சு எங்கிருந்து வந்துச்சு, அதெல்லாம் ஒண்ணும் இல்ல அம்மிணி. அவரு மூஞ்சி எனக்குத் தெரியல, காலு மட்டும்தான் தெரியுது, செருப்பு நுனியைத் தரையில தேச்சுட்டே நிக்கறாரு. சரிங்கன்னேன். போயிட்டாரு.

போகாதேன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல. எங்கம்மாவுக்குப் பிடிக்கல, எனக்குத் தனியா இருக்க முடியாது, சேலத்துக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பேன். அழுதிருப்பேன். ரெண்டு நாளு சோறு தண்ணியில்லாமக் கெடந்திருப்பேன். எங்கப்பாவைக் கூப்புட்டிருப்பேன், அப்பா ஒருவேளை அவரு பக்கமே பேசியிருப்பாரு, அப்பவும் போகாமத்தான் இருந்திருப்பேனோ என்னமோ. ஆனா யாரு மேல கோவப்படறதுன்னு தெரிஞ்சிருக்குமே. நான் யாரு மேல கோவப்பட்டேன், இந்தத் தகரத்து மேல. ஜாதகத்து மேல. மருதமலைக்குப் போயி முருகன் மேல. ராசியில்லாதவன்னு என்னையே திட்டிக்கிட்டேன். இன்னொரு கார்டு வந்தப்ப, நானே வேண்டாமுங்க, நமக்கு அந்த ராசி இல்லைன்னு எடுத்து வச்சுட்டேன், அவரு எவ்வளவோ சொன்னாரு, போயிட்டு வா அம்மிணின்னாரு, அப்ப எதுக்குச் சொன்னாரு, நான் போக மாட்டேன்னு தெரிஞ்சு போனதுக்கப்புறம் சொன்னாரு. அப்புறம் தெருவுல இருக்கற மிக்சி, கிரைண்டர், ஃபேன் எல்லாம் எங்கிட்ட வரும். வசந்தாக்கா கை வச்சா ஓடிரும்பாங்க. இவரும் பெருமையாச் சொல்லுவாரு, வந்தவங்ககிட்டயெல்லாம், அம்மிணி மட்டும் அன்னைக்கு அந்த இன்டர்வியூவுக்குப் போயிருந்தா இந்நேரம் பிரின்சிபாலு, என்ன பண்றது, வண்டி கவுத்துருச்சுன்னு. வண்டி கவுத்துருச்சாம். எத்தனை தடவை சொல்லியிருப்பாரு அந்த வார்த்தையை, காப்பி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு, நான் பக்கத்துல நின்னு மிக்சரு தட்டை நீட்டிக்கிட்டு. ஒருக்காவாச்சும் நாக்கு தடுமாறியிருக்குதா. இல்ல. நல்லா ஞாபகப்படுத்திப் பாக்கறேன், ஒருக்காக்கூட இல்ல. ஏமாத்துனவன் எங்காச்சும் ஒரு எடத்துல பம்முவான்னு நெனச்சுட்டிருந்தேன். இவரு என்ற தலைவலிக்குத் தைலம் தேச்சு விட்டிருக்காரு, நிவேதா பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுலயே மூணு நாளு படுத்திருந்தாரு, அதெல்லாம் பொய்யின்னு என்னால சொல்ல முடியல. அதெல்லாம் நெசம்தான். அதே கைதான் இதையும் சுத்தியிருக்குது, ஆறு சுத்து, நெருக்கமா, நான் சொல்லிக் குடுத்த மாதிரியே. நல்லாத்தான் சுத்தியிருக்காரு பாவி மனுசன், முப்பத்தஞ்சு வருசத்துல ஒரு இழைகூட நெகிழல.

கட்டிங் பிளேயரை எடுத்தேன். வெட்டல. திருகாணியைக் கழட்டி சுவிட்ச்சை வயரோட, ஜாயின்ட்டோட, முழுசா உருவி வெளிய எடுத்தேன். உள்ளங்கையில வச்சா ஒரு எடையே இல்ல. அதை நைட்டிப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டு மிச்ச வேலையைப் பாத்தேன். கை அதும்பாட்டுக்கு வேலை செய்யுது, அதுக்கு என்ன தெரியும். ரோஸு ரோஸோட, மஞ்சள் மஞ்சளோட. சாவியிலிருந்து காயிலுக்குப் புது வயரு நேரா இழுத்தேன், நுனிக்கு வைக்க மிச்சமிருந்தது வெள்ளை நகப்பாலீஷ் ஒண்ணுதான், அதையே வச்சேன். ஒர்க்ஷாப்புல எரவல் வாங்குன பேட்டரியை மாட்டுனேன். ஹெட்லைட்டு எரிஞ்சுது. இன்டிகேட்டரு டிக்கு டிக்குன்னு அடிச்சுது. ஹார்னை அமுக்குனேன், எதுத்த ஊட்டு மதிலு மேல இருந்த காக்காய் ரெண்டும் எந்திரிச்சுப் பறந்துச்சு. வேற நாளா இருந்தா துள்ளிக் குதிச்சிருப்பேன். முன்பக்கம் வந்து பானெட்டைத் தூக்கி நின்னு, காயில்ல மாட்ட வேண்டிய அந்த வெள்ளை நுனியை மட்டும் மாட்டாம ரெண்டு வெரலுக்கு நடுவுல புடிச்சுக்கிட்டேன். இது சரியா, மனுசனைப் பொறி வச்சுப் புடிக்கறது சரியான்னு ஒரு மனசு கேக்குது. அஞ்சு மணியிலிருந்து ஏழேகால் வரைக்கும்னு இன்னொரு மனசு சொல்லுது. ஏனுங்க, முடிஞ்சுதுங்க, வந்து நீங்களே ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கன்னு கூப்புட்டேன். குரலு நல்லாத்தான் வந்துச்சு. துண்டுல கையைத் துடைச்சுக்கிட்டு வந்தாரு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு, கல்யாணத்துக்குக் கெளம்பறவராட்ட. முட்டியைப் புடிச்சுக்கிட்டு மெல்ல உள்ள உக்காந்தாரு. சாவியைத் திருப்புனாரு. கர் கர் கர். அந்தச் சத்தம். எனக்கு மெரூன் சேலை ஞாபகம் வந்துச்சு. மறுபடியும் திருப்புனாரு. கர் கர் கர். முருகா, மூணாவது தடவையும் அப்படியே திருப்பட்டும், ஏன் அம்மிணி பிடிக்க மாட்டேங்குதுன்னு எங்கிட்டக் கேக்கட்டும், கேட்டுட்டாப் போதும், உடனே வயரை மாட்டிர்றேன், எல்லாத்தையும் மறந்துர்றேன். பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அவரு மூஞ்சி நல்லாத் தெரிஞ்சுது. சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்துச்சு. எங்கிட்ட ஒண்ணும் கேக்கல. சீட்டு கொஞ்சம் பின்னால போயிருக்குதுன்னாரு. சொல்லிட்டு இடதுபக்கமா குனிஞ்சாரு. தோளு அசையறது தெரிஞ்சுது, கை ஹேண்ட் பிரேக் மேட்டுக்குப் பக்கத்துல எறங்கித் தடவுது, இன்னும் கொஞ்சம் முன்னாடி தடவுது, பின்னாடி தடவுது.

"அங்க இல்லீங்க," ன்னேன். "நான் கழட்டிட்டேன்."

அவரு நிமுரல. கையையும் வெளிய எடுக்கல.